ஐந்தாம் அறிவை மீட்கும் அறிவியல்

தொல்காப்பிய மரபியல், உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாக வகுக்கின்றது. அவ்வரிசையில் ஐந்தாவதாக நிற்பது செவி. அதனையடுத்து வருவது மனம். செவிவழிப் புகும் மொழியே பெரும்பாலும் மழலையின் மனத்தை வளர்க்கின்றது என்பதை எண்ணுங்கால், இவ்வரிசையின் பொருத்தம் விளங்கும். பிறவியிலேயே செவிப்புலன் இழந்த குழந்தைக்கு அதனை வழங்க இயலுமா? பலருக்கு இயலும் என்கின்றது இன்றைய மருத்துவம்.

உட்செவியில் நத்தைக்கூடு போன்ற சுருள் ஒன்று உள்ளது. அதிலுள்ள நுண்மயிர்ச் செல்கள் ஒலியதிர்வை மின்குறிப்பாக மாற்றிச் செவி நரம்பிடம் சேர்க்கின்றன. அழிந்த செல்கள் மீண்டும் முளைப்பதில்லை. அவை பெரிதும் அழிந்தவிடத்து, ஒலியைப் பெருக்கும் காதுக்கருவியால் பயன் குறைவே. 'காக்ளியர் இம்ப்ளான்ட்' என்னும் உள்வைப்புக் கருவியோ நரம்பையே நேரடியாகத் தூண்டுகின்றது. காதின் பின்னே அணியும் ஒலிவாங்கி பேச்சைப் பெறும். உடனுள்ள சிறு கணிப்பொறி அதனைப் பகுக்கும். சுருளினுள் செலுத்தப்பெற்ற மின்முனைகள் அதனை நரம்புக்கு உணர்த்தும்.

1957-இல் பாரிசில் ஜூர்னோ, ஐரியேஸ் ஆகிய இருவரும் இம்முயற்சிக்கு வித்திட்டனர். 1978-இல் மெல்போர்னில் பன்முனைக் கருவியைப் பொருத்திய கிரீம் கிளார்க், செவித்திறன் குன்றிய தந்தையின் மைந்தர் என்பது நெஞ்சைத் தொடும் செய்தியாகும். நம் சென்னையில் மருத்துவர் மோகன் காமேசுவரன் நிறுவிய மெட்ராஸ் இ.என்.டி. ஆய்வு நிறுவனம் இத்துறையில் முன்னணியில் நிற்கின்றது. செவி நரம்பே இல்லாதோர்க்கு மூளைத்தண்டிலேயே மின்முனை பொருத்தும் அருஞ்சிகிச்சையும் அங்கு நடைபெற்றுள்ளது.

பல இலக்கம் ரூபாய் செலவாகும் இச்சிகிச்சை ஏழைக்கு எட்டாக்கனி அன்று. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின்கீழ், தகுதியுடைய 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இது கட்டணமின்றிச் செய்யப்படுகின்றது. வயது வரம்புக்குக் காரணம் உண்டு. ஒலியே புகாத மூளைப்பகுதி, நாளடைவில் கேட்கப் பழகும் ஆற்றலை இழந்துவிடுகின்றது. எனவே, ஓராண்டு தாமதமும் பேரிழப்பே.

ஆயினும் பனமலை, செஞ்சி வட்டாரச் சிற்றூர்களில் நாம் கேட்பது என்ன? "சில பிள்ளைகள் பிந்தித்தான் பேசும், அதன் தகப்பனும் அப்படித்தான்" என்னும் ஆறுதல் மொழியன்றோ! அன்பினால் கூறும் அச்சொல்லே குழந்தையின் பொன்னான காலத்தைக் கவர்ந்துவிடுகின்றது. நெருங்கிய உறவில் மணம்புரிந்தோரின் மக்களுக்குப் பிறவிச் செவிடு நேரும் வாய்ப்பு மிகுதி என்பதையும் பெரியோர் எண்ணுதல் வேண்டும்.

அறுவை முடிந்தவுடன் குழந்தை பேசிவிடாது. கருவி தருவது இயற்கை ஒலியன்று. அதனைப் பொருளாக்க மூளை பழக வேண்டும். பயிற்சியாளரும் தாயும் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் பேசிப் பேசியே மொழியை ஊட்டுதல் வேண்டும்.

பெயர் சொல்லி அழைத்தும் திரும்பாத மழலையைக் கண்டால், மாணவச் செல்வங்களே, அதன் பெற்றோரை அன்றே மருத்துவரிடம் அனுப்புங்கள். தாயின் தாலாட்டு அக்குழந்தையின் செவியிலும் விழட்டும்!