கல்லைக் கழுவுவதா, எழுத்தை அழிப்பதா?

கோயில் திருப்பணி என்றால் நம் ஜனங்களுக்கு உண்டாகும் உற்சாகம் அளவற்றது. கும்பாபிஷேகத்துக்கு நாள் குறித்துவிட்டால் ஊர் முழுவதும் ஒன்று கூடிவிடுகிறது. ஏழையும் தன் சக்திக்கு இயன்றதைக் கொடுக்க முன்வருகிறான். இவ்வுற்சாகத்தை நாம் மனமாரப் போற்றுகிறோம். ஆயினும், அதன் பெயராலேயே ஒரு பெருங்கேடும் நடந்து வந்திருக்கிறது. அக்கேடு யாதெனில், அழுக்கை அகற்றுவதாக எண்ணிக்கொண்டு, நமது முன்னோர் கல்லில் எழுதி வைத்துப்போன சரித்திரத்தை நாமே தேய்த்து அழிப்பதாகும். அதைப் பற்றிச் சில வார்த்தைகள் கூற இன்று கடமைப்பட்டிருக்கிறோம்.

நமது கோயிற் சுவர்களில் இருப்பது என்ன? தஞ்சைப் பெரிய கோயிலை 1010 ஆம் ஆண்டில் நிறைவேற்றிய ராஜராஜ சோழன், தான் கொடுத்தவற்றையும், தன் தமக்கையார் குந்தவையார் கொடுத்தவற்றையும், தேவியரும் பிறரும் கொடுத்தவற்றையும் ஸ்ரீவிமானத்துக் கல்லிலே வெட்டும்படி கட்டளையிட்டான். அக்கோயிலுக்கென்று குடியேற்றப்பட்ட 400 ஆடல் மகளிரின் பெயர்களும், அவர்கள் எந்தத் தெருவில் எத்தனையாவது வீட்டில் இருந்தார்கள் என்பதும் அங்கே பொறிக்கப்பட்டிருக்கின்றன. உத்தரமேரூரில் முதற் பராந்தகன் காலத்துச் சாஸனங்கள், ஊர்ச் சபைக்குக் குடவோலையால் அங்கத்தினரைத் தெரிந்தெடுத்த விதிகளைக் கூறுகின்றன. முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் மறுபடி வரலாகாது என்றும் விதிக்கின்றன. தேர்தல் என்பதே மேல்நாட்டார் நமக்கு இட்ட பிச்சை என்று பேசுவோருக்கு அந்தக் கல்லே பதில் சொல்கிறது.

ஓலை செல்லரித்துப் போயிற்று, கல் நின்றது. ஆனால், கல்லில் எழுத்தின் ஆழம் சில இடங்களில் ஒரு நெல்மணியின் கனத்துக்கு மேலிராது. அந்த நெல்மணிக் கனத்தில்தான் நமது ஆயிரம் ஆண்டுச் சரித்திரம் தங்கியிருக்கிறது என்பதை வாசகர்கள் சற்றுச் சிந்தித்துப் பார்க்க வேண்டும்.

இனி, கறை ஏறுவது எவ்வாறு என்று பார்ப்போம். விளக்கெண்ணெய்ச் சிக்கும் புகையும் மண்டபத் தூண்களில் படிகின்றன. மழைநீர் வழியும் இடங்களில் பாசி பிடிக்கிறது. பற்பல காலங்களில் அடித்த சுண்ணாம்பு, ஏடு ஏடாக எழுத்தை மூடுகிறது. வௌவால் எச்சமும் இரும்புத் துருவும் வேறு. இவற்றையெல்லாம் ஒரே நாளில் போக்கிவிடலாம் என்று வந்தது ‘சாண்ட் பிளாஸ்டிங்’ என்னும் மணல் வீச்சு. காற்றழுத்த யந்திரத்தின் பலத்தால் மணலைக் குழாய் வழியே சுவர்மீது மோதவிடுவதே இம்முறை. சென்ற நூற்றாண்டின் இறுதியிலும் இந்நூற்றாண்டின் தொடக்கத்திலும் தமிழ்நாட்டுக் கோயில்கள் பலவற்றில் இது தாராளமாகக் கையாளப்பட்டது. சுவர் புதுக்கல்லைப் போல வெளுத்தது கண்டு பலரும் மகிழ்ந்தார்கள். ஆனால், போனது அழுக்கு மாத்திரமன்று. எழுத்தின் விளிம்பு மழுங்கிற்று. சிற்பத்தின் கண்ணும் மூக்கும் விரல் நகமும் தேய்ந்தன. கல்லின் வழவழப்பான மேற்றோல் உரிந்து சொரசொரப்பானதால், தூசியும் ஈரமும் முன்னைக் காட்டிலும் எளிதிற் பற்றிப் பாசி விரைவாகவே திரும்பிற்று. அந்த மணற்றூளைச் சுவாசிக்கும் கூலியாளின் நுரையீரலுக்கு நேரும் தீங்கோ மருந்தால் தீராதது. பின்னர் சர்க்கார் இம்முறையைத் தடுத்தது சரியே. ஆனால் தேய்ந்த எழுத்தை எந்தத் தடையுத்தரவு திருப்பிக் கொடுக்கும்?

இத்தவறு நம்மவர்க்கு மட்டும் உரியதன்று. கிரேக்க நாட்டுப் பார்த்தெனான் ஆலயத்தின் சிற்பங்களை 1801 ஆம் ஆண்டு முதல் எல்ஜின் பிரபு பெயர்த்தெடுத்தார். பிரிட்டிஷ் பார்லிமெண்ட் 1816 இல் அவற்றை விலைக்கு வாங்கிற்று. கிரேக்கர் கையில் அவை பாழாகிவிடும், எம்மிடமே பத்திரமாக இருக்கும் என்பது வழக்கமான வாதம். பத்திரப்படுத்திய விதம் என்ன? 1937, 1938 ஆம் ஆண்டுகளில், புதிய மண்டபத்துக்குப் பணம் கொடுத்த டூவீன் பிரபு சிற்பங்கள் வெள்ளை வெளேரென்று தோன்ற விரும்பினார். தொழிலாளர் செம்பு உளியாலும் கார்போரண்டம் கல்லாலும் அவற்றைச் சுரண்டினார்கள். பெந்தலிக் சலவைக்கல்லில் காலம் ஏற்றிய தேன் நிறம் அழுக்கென்று கருதப்பட்டுப் போக்கடிக்கப்பட்டது. இதன் முழு விவரமும் 1998, 1999 ஆம் ஆண்டுகளில்தான் உலகத்துக்குத் தெரிய வந்தது. அந்நியன் செய்ததைக் கண்டு நகைக்கும் உரிமை நமக்கு வேண்டுமாயின், நமது கோயில்களில் அதனையே நாம் செய்யாதிருக்க வேண்டும்.

அப்படியானால் கறையோடே விட்டுவிடுவதா என்று சிலர் கேட்கலாம். அன்று. நல்ல வழி நம் தேசத்திலேயே இருக்கிறது. ஆக்ராவில் தாஜ்மகாலின் மஞ்சளித்த சலவைக்கல்லுக்கு இந்தியத் தொல்பொருள் இலாகாவார் 1994, 2001, 2008, 2014 ஆம் ஆண்டுகளில் முல்தானி மட்டி பூசினார்கள். நம் பெண்மக்கள் முகத்துக்குப் பூசும் அதே களிமண்தான். அதைக் குழைத்து ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் கனத்துக்கு அப்பி, மூடி வைத்தால், உலர உலர அழுக்கைத் தன்னுள் இழுத்துக்கொள்கிறது. பிறகு வாலை வடித்த நீரால் மெல்லக் கழுவிவிடுகிறார்கள். இங்கே கல்லோடு போரில்லை, பொறுமையே ஆயுதம். நமது கோயில்களிலும் எண்ணெய்ச் சிக்குக்குக் களிமண் அல்லது காகிதக் கூழ்ப் பற்று உண்டு. பாசிக்கு மிருதுவான தூரிகையும் நீர்த்த அம்மோனியாவும் உண்டு. சுண்ணாம்பை நனைத்து இளக்கி மூங்கிற் சிம்பால் எடுக்கலாம். இரும்பு உளியும் இரும்புத் தூரிகையும் திராவகமும் அருகே வரலாகாது.

ஆயினும் தாஜ்மகால் மற்றொரு பாடத்தையும் கற்பிக்கிறது. இருபது ஆண்டில் நான்கு முறை பற்றுப் போட வேண்டி வந்தது ஏன்? கறையின் ஊற்று அடைபடவில்லை. 1996 ஆம் ஆண்டு டிசம்பர் 30 ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு, நிலக்கரி எரித்த 292 தொழிற்சாலைகள் இயற்கை வாயுவுக்கு மாற வேண்டும், இன்றேல் அவ்விடத்தை விட்டு அகல வேண்டும் என்று தீர்ப்பளித்தது. இருந்தும், குப்பையும் விறகும் எரியும் புகையும் வண்டிப் புகையும் தூசியும் கல்லில் படிவதை 2015 இல் வெளியான ஓர் ஆராய்ச்சி காட்டிற்று. 2016 இல் தேங்கி நாறிய யமுனையில் பெருகிய பூச்சிகள் சுவரில் பச்சைக் கறையை விட்டுச் சென்றன. நதியைச் சாக்கடையாக்கிவிட்டுச் சுவரைக் கழுவுவது, ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புவதை ஒக்கும். நம் ஊர்க் கோயிலிலும் இதுவே நியாயம். கூரையில் ஒழுக்கை அடைக்காமல் பாசியைச் சுரண்டுவதும், விளக்கேற்றத் தனியிடம் ஒதுக்காமல் தூணைத் தேய்ப்பதும், கல்லிடுக்கில் சிமெண்டைப் பூசிவிட்டு உப்புப் பூத்ததென்று வருந்துவதும் வீண் வேலையே.

சென்னை ஹைகோர்ட்டு 2021 ஆம் ஆண்டு ஜூன் 7 ஆம் தேதி, புராதனக் கோயில்களையும் சின்னங்களையும் காப்பது பற்றி 75 கட்டளைகள் பிறப்பித்தது. சட்டம் வேண்டியதே. ஆனால், திருப்பணி நடக்கும் இடத்தில் சட்டப் புஸ்தகம் நிற்பதில்லை, ஊரார்தாம் நிற்கிறார்கள். ஆகவே, தேச சேவையில் நாட்டமுள்ள வாலிபர்களுக்கு நாம் சொல்வது இது: உங்கள் ஊரில் திருப்பணி தொடங்குமுன், சுவரிலுள்ள ஒவ்வொரு சாஸனத்தையும் படம் பிடித்து வையுங்கள். தொல்பொருள் அறிந்தவரை அழைத்துக் காட்டாமல் ஒரு கல்லையும் தொடவிடாதீர்கள். கண்ணுக்கு மறைவான ஓரிடத்தில் சிறிது சோதித்துப் பார்த்த பிறகே பெருஞ்சுவருக்கு வரும்படி காண்ட்ராக்டரைக் கேளுங்கள். காற்று யந்திரமும் மணல் மூட்டையும் வாயிலில் வந்து இறங்குமாயின், தர்மகர்த்தர்களிடம் முறையிடுங்கள், அதிகாரிகளுக்கு எழுதுங்கள், அவசியமானால் வாயிலிலேயே நில்லுங்கள்.

கல் கறுத்திருப்பது கோயிலுக்கு இழிவன்று. அந்தக் கறுப்பின் கீழே நம் முன்னோர் பேசிக்கொண்டிருக்கிறார்கள். முகத்தைத் துடைக்கப் போய் அவர்கள் வாயை அடைத்துவிடாதிருப்பதே உண்மையான திருப்பணி.