மிசிசிப்பியின் தலைமடையில்

மினசோட்டாவின் மினியாப்பொலிஸ் பக்கம் குடியிருக்கும் நம்மவர்கள் ஐடாஸ்கா மாநிலப் பூங்காவுக்குப் போவதென்றால் விடியலில் கிளம்பி இரவுக்குள் வீடு திரும்பிவிடுகிறார்கள். போக நான்கு மணி நேரம், வர நான்கு மணி நேரம். நடுவே, ஐடாஸ்கா ஏரியிலிருந்து மிசிசிப்பி புறப்படும் இடத்தில் கற்களின் மேல் நின்று ஒரு படம். என் மகளும் மருமகனும் முதலில் போட்ட திட்டமும் அதுதான். இரண்டு இரவாவது தங்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன். காவிரிப் பாசனத்தில் மதகுகளோடும் ஷட்டர்களோடும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஒரு பேராற்றின் தலைப்பை அவசரமாக எட்டிப் பார்த்துவிட்டு வர மனம் ஒப்பவில்லை.

ஏரி முடிகிற இடத்தில் உருண்டைக் கற்கள் ஒரு வரிசையாகக் கிடக்கின்றன. அவற்றின் இடுக்குகளில் வழிந்து வருகிற தெளிந்த நீர்தான் மிசிசிப்பி. என் பேத்தி முழங்கால் நனையாமல் அதைத் தாண்டினாள். பக்கத்தில் ஒரு மரத்தூண். கடல் மட்டத்திலிருந்து 1,475 அடி உயரத்தில் தொடங்கும் ஆறு 2,552 மைல் ஓடி மெக்சிகோ வளைகுடாவில் சேர்கிறது என்று அதில் பொறித்திருக்கிறார்கள். இங்கே புறப்படும் ஒரு துளி கடலைத் தொட ஏறத்தாழ 90 நாள் ஆகும் என்பது கணக்கு. தெற்கே போக வேண்டிய ஆறு முதலில் வடக்கு நோக்கித்தான் கிளம்புகிறது. பெமிட்ஜி என்ற ஊர் வரை போய், கிழக்கே திரும்பி, அதன் பிறகே தெற்கைப் பிடிக்கிறது.

அந்தக் கற்களைப் பார்த்ததுமே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. இயற்கை இப்படி ஒரே மட்டத்தில் கல் அடுக்காது. முன்பு இந்த இடம் சேறும் சதுப்புமாக இருந்தது. 1930களில், பொருளாதார மந்தத்தில் வேலையிழந்த இளைஞர்களுக்காக அமெரிக்க அரசு தொடங்கிய வேலைத் திட்டத்தில் வந்தவர்கள் சதுப்பை வடித்து, புது வாய்க்கால் வெட்டி, கான்கிரீட் போட்டு, மேலே கல் பரப்பினார்கள். நல்ல வேலை. இத்தனை ஆண்டுகள் இத்தனை கால்கள் மிதித்தும் மட்டம் கெடவில்லை.

வெளியுலகுக்கு இந்த ஏரியைத் தெரியப்படுத்தியவர் ஹென்றி ஸ்கூல்கிராஃப்ட், 1832இல். அவரை இங்கே அழைத்து வந்தவர் ஓசாவிண்டிப் என்ற ஒஜிப்வே பழங்குடித் தலைவர். ஒஜிப்வே மக்களுக்கு இந்த ஏரி தலைமுறைகளாகத் தெரிந்த ஏரி. பிறகு ஜேக்கப் பிரவர் என்பவர் ஏரிகளையும் ஓடைகளையும் அளந்து, ஆற்றின் தொடக்கம் எது என்ற தகராறைத் தீர்த்து வைத்தார். சுற்றிலும் மரம் வெட்டும் கம்பெனிகள் நெருங்கி வருவதைக் கண்டு, காட்டைக் காப்பாற்றச் சட்டம் வேண்டும் என்று அலைந்தவரும் அவர்தான். 1891இல் மினசோட்டா சட்டமன்றம் ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் பூங்காவை நிறுவியது. மாநிலத்தின் முதல் பூங்கா இதுதான். ஆனால் உள்ளே நிறைய நிலம் கம்பெனிகளிடமே இருந்தது.

அதனால்தான் மேரி கிப்ஸின் கதையை நான் இங்கே வருகிற எல்லோருக்கும் சொல்ல விரும்புகிறேன். பூங்காவின் பொறுப்பாளராக இருந்த தந்தை 1903இல் இறந்ததும், 24 வயதான மேரியை ஆளுநர் அந்தப் பதவியில் அமர்த்தினார். மரக்கட்டைகளை மிதக்கவிட்டுக் கொண்டுபோக நீர் தேக்க வேண்டும் என்று, மரக் கம்பெனி ஆற்றின் குறுக்கே அணை போட்டு ஷட்டரை இறக்கி வைத்திருந்தது. ஏரி பெருகிக் கரையோர மரங்களின் வேர் மூழ்கியது. வேர் நீண்ட காலம் நீரில் நின்றால் மரம் பிழைப்பது கடினம். ஷட்டரைத் தூக்கச் சொன்னார் மேரி. லீவரில் கை வைப்பவரைச் சுட்டுவிடுவதாகக் கம்பெனி ஆள் மிரட்டினான். அவர் போய்க் கை வைத்தார். யாரும் சுடவில்லை. சில மாதங்களில் அவர் பதவி போனது, மரம் வெட்டுவது மேலும் பல ஆண்டுகள் தொடர்ந்தது. ஷட்டரை ஏற்று, இறக்கு என்று இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று கத்துகிற இடத்தில் நானும் நின்றிருக்கிறேன். துப்பாக்கிக்கு எதிரே நின்றதில்லை. ஆற்றுத் தலைப்புக்கு அருகிலுள்ள பார்வையாளர் மையத்துக்கு இன்று அவர் பெயரை வைத்திருப்பது எனக்கு நிறைவாக இருக்கிறது.

நாங்கள் தங்கியது ஏரியின் தென்கோடியில் இருக்கும் டக்ளஸ் லாட்ஜில். முழு மரங்களை அடுக்கி 1905இல் கட்டியது. காட்டைக் காக்கப் பாடுபட்ட மாநில அட்டர்னி ஜெனரல் ஒருவரின் பெயரைத் தாங்கியது. பளபளப்பை எதிர்பார்த்துப் போகாதீர்கள், படிகள் கிறீச்சிடும். இந்தப் பகுதி ஏரிகளில் தானாக விளையும் காட்டரிசியைச் சாப்பாட்டில் கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள். கறுத்து நீண்ட மணி, மென்றால் கொட்டையின் வாசனை. கோடை முடிகையில் ஒஜிப்வே மக்கள் படகில் போய்க் கதிரைக் கோலால் வளைத்துத் தட்டி அறுவடை செய்கிறார்கள்.

லாட்ஜிலிருந்து தொடங்கும் டாக்டர் ராபர்ட்ஸ் பாதை இரண்டு மைல்தான், என் வயதுக்காரர்களும் நடக்கலாம். வழியில் ஒரு பழைய குடில். அதன் சுவருக்கு நான்கே மரங்கள் போதுமானதாக இருந்தன என்றால் ஒவ்வொன்றும் எவ்வளவு பருமன் என்று பாருங்கள். கால் வலு உள்ளவர்கள் பூங்காவிலுள்ள 100 அடி உயரத் தீக்கண்காணிப்புக் கோபுரத்தில் ஏறலாம். அங்கிருந்து பார்த்தால் 32,000 ஏக்கருக்கு மேல் பரந்த பூங்காவின் காடும், அதன் நூற்றுக்கு மேற்பட்ட ஏரிகளில் சிலவும் தெரியும். 250 வயது தாண்டிய செம்பைன் மரங்கள் நிற்கும் தோப்பு ஏரிக்கரையில் இருக்கிறது. மயில் கழுத்து நிறத்தில் ஏரி, அதன் ஓரத்தில் செந்நிறத் தண்டுகள்.

செம்பைன் முளைக்க நெருப்பு வேண்டும். கீழே மட்கிய இலைத் திரளும் புதரும் எரிந்து, மண் வெளியே தெரிந்தால்தான் விதை வேர் பிடிக்கும். தடித்த பட்டை இருப்பதால் தாய் மரம் பிழைத்துக்கொள்ளும். தீயை அணைப்பதே பாதுகாப்பு என்று நீண்ட காலம் நினைத்ததில் இளங்கன்றுகள் வராமலே போய்விட்டன. இப்போது வனத்துறையினரே திட்டமிட்டு, அளவாகத் தீ வைக்கிறார்கள். வெள்ளைப் பைன் கன்றுகளுக்கு எதிரி மான். பனிக்காலத்தில் நுனிக் குருத்தைக் கடித்துவிடும். அதற்காக இலையுதிர் காலத்தில் ஒவ்வொரு கன்றின் குருத்திலும் காகிதத்தைச் சுற்றி ஸ்டேப்ளர் பின் அடித்து வைக்கிறார்கள். ஒவ்வொன்றாக, கையால்.

மே கடைசியிலிருந்து அக்டோபர் தொடக்கம் வரைதான் லாட்ஜ் திறந்திருக்கும், அறையை முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள். ஜூனில் கொசு அதிகம். உண்ணியும் உண்டு. முழுக்கால் சட்டை போட்டு, அதன் கீழ்விளிம்பைக் காலுறைக்குள் சொருகி நடங்கள். திரும்பியதும் குழந்தைகளின் காதுக்குப் பின்னால், முழங்கால் மடிப்பில், தலைமுடிக்குள் தடவிப் பார்த்துவிட்டுக் குளிக்க அனுப்புங்கள்.