அம்பாஸடரின் அடியில் சொட்டும் எண்ணெய்



தமிழகத்தை விட்டுப் பிற மாநிலங்களில் குடியேறிய நம்மவர் இல்லங்கள் சிலவற்றில், தகப்பனார் காலத்து மோட்டார் வண்டி ஒன்று இன்றும் கொட்டகையில் நிற்பதைக் காணலாம். எங்கள் இல்லத்திலும் அத்தகைய வண்டி உண்டு. என் தந்தையார் 1967-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் வாங்கிய அம்பாஸடர் மார்க் 2 அது. ஹூக்ளி மாவட்டத்து உத்தரபாராவில், ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலையில் உருவானது. 2014-ஆம் ஆண்டு மே மாதத்துடன் அங்கே உற்பத்தி நின்றுவிட்டது. ஆதலின் இவ்வண்டிக்கு ஒரு கியர்பெட்டி பழுதாகிவிட்டால், மல்லிக் பஜாரின் பழைய சாமான் கடைகளில் பிறிதொரு பழைய பெட்டியைத் தேடி அலைவதையன்றி வேறு வழி இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு காலையில், வண்டியின் நடுவயிற்றுக்குக் கீழே தரையில் எண்ணெய் தேங்கிக் கிடந்தது. கியர்பெட்டி எண்ணெய் வற்றினால் உள்ளிருக்கும் பேரிங்குகள் சூடேறித் தேயும், பற்சக்கரங்கள் அரைபடும். அஞ்சி, அருகிலிருந்த பட்டறைக்கு வண்டியைக் கொண்டு சென்றேன். மிஸ்திரி குனிந்து பார்த்தார். "கியர்பாக்ஸை இறக்க வேண்டும்" என்றார். இறக்கினார், சீல்களை மாற்றினார், பில்லும் தந்தார். நான்காம் நாள் அதே இடத்தில் அதே அளவு எண்ணெய் தேங்கிற்று. கசிந்தது கியர்பெட்டியே அன்று என்பது பின்னரே விளங்கியது.

இப்பிழை ஏன் நேர்கிறது என்பதை முதலில் காண்போம். எஞ்சினுக்கும் கியர்பெட்டிக்கும் இடையே கிளட்சை மூடி நிற்கும் மணி வடிவமான உறை ஒன்று உண்டு. அதன் அடியில் சிறு துளை ஒன்று வைத்து, துளை அடைபடாதிருக்க ஒரு ஸ்பிளிட் பின்னைத் தொங்கவிட்டிருப்பார்கள். எஞ்சினின் பின்முனையில் கசியும் எண்ணெயும், கியர்பெட்டியின் முன்முனையில் கசியும் எண்ணெயும் இவ்வொரு துளை வழியாகவே கீழே விழும். மேலும், இவ்வண்டியின் 1489 கன சென்டிமீட்டர் எஞ்சினில் கிராங்க் ஷாஃப்டின் பின்முனைக்கு இக்காலத்து ரப்பர் சீல் கிடையாது. தண்டின் மீது திருகு போன்ற பள்ளம் வெட்டியிருக்கும். தண்டு சுழலும்போது அப்பள்ளம் எண்ணெயை உட்புறமாகவே திருப்பித் தள்ளும். சுழற்சி நின்றபின் இரண்டொரு சொட்டு வெளிவருவது இவ்வமைப்பின் இயல்பு.

மூன்றாவதாக ஒரு கள்ளனும் உண்டு. எஞ்சினின் இடப்புறத்தில், மானிஃபோல்டுக்குக் கீழே, டாப்பெட் அறையை மூடும் இரண்டு தகட்டு மூடிகள் மறைந்திருக்கின்றன. அவற்றின் தக்கைப் பேக்கிங் காய்ந்து சுருங்கினால் எண்ணெய் கசிந்து, வண்டி ஓடும் வேகத்தில் காற்றால் பின்னுக்குத் தள்ளப்பட்டு, கிளட்ச் உறையின் மீது வழிந்து, அடியில் வந்து சொட்டும். எங்கள் வண்டியில் நிகழ்ந்தது இதுவே. சில ரூபாய்ப் பேக்கிங்கில் முடிய வேண்டிய வேலைக்காகக் கியர்பெட்டி இறக்கப்பட்டது.

ஆகவே ஸ்பானரை எடுக்குமுன் செய்ய வேண்டியது சலவை. எஞ்சின் நன்றாகக் குளிர்ந்தபின், மண்ணெண்ணெயும் தூரிகையும் கொண்டு எஞ்சின் பக்கங்கள், கிளட்ச் உறை, கியர்பெட்டி அனைத்தையும் அழுக்கு நீங்கக் கழுவித் துணியால் உலரத் துடைக்க வேண்டும். அருகில் பீடி, விளக்கு எதுவும் கூடாது. உலர்ந்த பரப்பின் மீது குழந்தைக்குப் பூசும் டால்கம் பவுடரைத் தூவுங்கள். பதினைந்து இருபது கிலோமீட்டர் ஓட்டி வந்து, அடியில் பழைய செய்தித்தாளை விரித்து, இரவு முழுவதும் நிறுத்துங்கள். வெண்பொடியின் மீது எண்ணெய் வந்த தடம் கோடாகத் தெரியும். அக்கோட்டின் மேல்முனை எங்கே இருக்கிறதோ அதுவே ஊற்றுக்கண். கீழ்முனை எங்கே என்பதில் நமக்கு அக்கறை இல்லை.

செய்தித்தாளில் விழுந்த எண்ணெயையும் விரலால் தொட்டுப் பாருங்கள். எஞ்சின் எண்ணெய் புகைக்கரி கலந்து விரைவில் கறுத்துவிடும். கியர்பெட்டியில் நெருப்பு எரிவதில்லையாதலால் அங்குள்ள எண்ணெய் தேன் நிறத்திலேயே நெடுநாள் நிற்கும். கியர் ஆயிலாயின் கந்தக நெடியும் வீசும். சிலர் இப்பெட்டியில் எஞ்சின் எண்ணெயையே ஊற்றியிருப்பர். அப்போது நெடியை நம்ப இயலாது, நிறத்தையே நம்ப வேண்டும். இரு எண்ணெய்களின் மட்டத்தையும் குறித்துவைத்து, ஒரு வாரம் கழித்து எது குறைந்தது என்று பார்ப்பது இன்னும் உறுதியான சான்று.

மட்டம் குறைவதைப் போலவே மிகுவதும் தீங்கு. அளவுக்கு மேல் ஊற்றிய எண்ணெய் சூட்டில் விரிந்து, நுரைத்து, எந்தச் சீல் நலிந்ததோ அதன் வழியே வெளியேறும். எஞ்சினின் மூச்சுக்குழாய் அடைபட்டாலும் உள்ளே அழுத்தம் ஏறி, முன்னர்ச் சொன்ன திருகுப் பள்ளத்தை மீறி எண்ணெய் பீறிடும். குழாயைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவிப் பூட்டிய அளவிலேயே நின்றுபோன கசிவுகள் உண்டு. பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்த எஞ்சினில் மட்டும் இது தற்காலிக நிவாரணமே.

இனி, கசிவது கியர்பெட்டிதான் என்று தெளிவாகிவிட்டது என்று கொள்வோம். வண்டிக்கு அடியில் புகுமுன் ஒன்று சொல்லியாக வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி எவரும் வண்டிக்குக் கீழே படுக்கலாகாது. சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஆக்ஸிலுக்கு அடியில் உறுதியான ஸ்டாண்டுகளை நிறுத்தி, வண்டியைக் கையால் உலுக்கிப் பார்த்த பின்னரே உள்ளே செல்ல வேண்டும். இதில் நாணம் வேண்டாம். என் தந்தையார் மூன்று முறை உலுக்குவார்.

அடிப்பகுதியின் டிரெயின் பிளக்கில் ஈரம் இருந்தால் செம்பு வாஷரைக் கவனியுங்கள். பழைய வாஷரைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் அது மென்மையடைந்து மீண்டும் பயன்படும். பிளக்கை வலிந்து முறுக்கினால் கூட்டின் மரை அறுந்துவிடும். பிறகு சிறு வேலை பெருவேலையாகிவிடும்.

பெட்டியின் வால்பக்கம் கசிந்தால், ப்ரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றிப் பின் சீலை மாற்ற வேண்டும். கழற்றுமுன் இணைப்புத் தகடுகள் இரண்டின் மீதும் வர்ணத்தால் குறியிடுங்கள். மீண்டும் அதே நிலையில் பூட்டாவிடில் வண்டி வேகத்தில் அதிரும். பழைய சீலை நெம்பி எடுக்கையில் அது அமர்ந்திருந்த குழியில் கீறல் விழலாகாது. சீலின் உதடு உராயும் உருளைப் பரப்பை நகத்தால் வருடிப் பாருங்கள். நகம் பள்ளத்தில் தடுக்குமாயின், புதுச் சீலும் அதே பள்ளத்தில் அமர்ந்து கசியும். அத்தகைய நிலையில், குழியின் ஆழம் இடங்கொடுத்தால், சீலை ஒரு மில்லிமீட்டர் வெளியே தள்ளிப் பொருத்தி, உதடு புதிய பரப்பில் படியச் செய்வது ஒரு நல்ல உபாயம். தண்டு மேலும் கீழும் ஆடினால் உள்ளிருக்கும் புஷ் தேய்ந்திருக்கிறது என்பது பொருள். அதை மாற்றாமல் எத்தனை சீல் போட்டாலும் வீண்.

புதுச் சீலின் உதடு எண்ணெய் இருக்கும் பக்கம் நோக்கியிருக்க வேண்டும். உதட்டில் எண்ணெய் தடவி, மரக்கட்டை வைத்துச் சுற்றிலும் சமமாகத் தட்டி இறக்குங்கள். கடையில் வாங்கும்போதே விரலால் மடக்கிப் பார்ப்பது நன்று; பல்லாண்டு பெட்டியில் கிடந்த ரப்பர் இறுகிப் போயிருக்கும்.

பெட்டியின் முன்முனையில் கசிந்தால்தான் அதனை உண்மையாகவே இறக்க நேரிடும். ஆக்ஸிலரேட்டரை அழுத்த எஞ்சின் மட்டும் இரைந்து வண்டி முன்னேறாவிடில், கிளட்ச் பிளேட்டில் எண்ணெய் ஊறிவிட்டதோ என்று ஐயுறலாம். எண்ணெய் குடித்த பிளேட்டைப் பெட்ரோலில் கழுவி மீண்டும் போடுவோர் உளர், அது நிலைக்காது. பெட்டி இறங்கியிருக்கும்போதே பிளேட்டை மாற்றிவிடுங்கள்.

முடிவில், கைப்புத்தகம் கூறும் எண்ணெயை, கூறும் அளவே ஊற்றுங்கள். கியர் ஆயிலாயின் ஜி.எல்.4 வகையையே கேட்டு வாங்குங்கள், ஜி.எல்.5 வகையில் உள்ள கந்தகச் சேர்க்கை பித்தளை ஸிங்க்ரோ வளையங்களை அரிக்கக்கூடும்.

எங்கள் வண்டிக்கு டாப்பெட் மூடிப் பேக்கிங் இரண்டும் மாற்றியாயிற்று. மூடியின் நடுவிலுள்ள போல்ட்டை அளவோடு முறுக்கினோம். மிகுதியாக முறுக்கினால் தகடு வளைந்து மறுபடி கசியும். இப்போதும் காலையில் செய்தித்தாளின் மீது இரண்டு கறுப்புச் சொட்டுகள் கிடக்கின்றன. அவை திருகுப் பள்ளத்தின் வழியே வருபவை. அவற்றை நான் அப்படியே விட்டுவிட்டேன்.