கைக்குத் திறமை, கூடவே ஓர் ஏற்பாடு

"பையன் நல்லா வரையறான். இத வெச்சு அவன் பொழச்சுக்குவானா?"

ஆட்டிசம் உள்ள பிள்ளையை வளர்த்து ஆளாக்கிய பெற்றோர் இந்தக் கேள்வியைக் கேட்காமல் இருப்பதில்லை. பையனுக்கு இருபது தாண்டியிருக்கும். பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. தெரபி வகுப்புகளும் ஒவ்வொன்றாக நின்றுவிட்டன. வீட்டு அலமாரியில் டிராயிங் நோட்டுகள் மட்டும் ஏறிக்கொண்டே போகின்றன. "பிழைத்துக்கொள்வான்" என்றோ "மாட்டான்" என்றோ ஒற்றை வார்த்தையில் பதில் சொல்லிவிட முடியாது. டீயை ஊற்றிக்கொண்டு உட்காருங்கள், நிதானமாகப் பார்ப்போம்.

ஆட்டிசம், ஏடிஹெச்டி, டிஸ்லெக்சியா, டவுன் சிண்ட்ரோம் என்று மூளை வேறு விதமாக இயங்கும் எல்லோரையும் சேர்த்து இப்போது நியூரோடைவர்ஜென்ட் என்கிறார்கள். பெயர் ஒன்றாக இருந்தாலும் ஒருவரைப் போல இன்னொருவர் இருக்க மாட்டார். ஒருவர் மணிக்கணக்கில் பேசுவார், ஒரு விண்ணப்பப் படிவத்தை நிரப்பச் சொன்னால் திணறிப்போவார். இன்னொருவர் வாய் திறந்து பேசவே மாட்டார், வரைய உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்க மாட்டார். அதனால் எல்லோருக்கும் பொருந்தும் சூத்திரம் கிடையாது. ஆனால் கலையில் நிலைத்து நின்றவர்களின் கதைகளைப் புரட்டிப் பார்த்தால் ஒன்று திரும்பத் திரும்பத் தென்படுகிறது. அவர்களைச் சுற்றி, பல ஆண்டுகளாகக் கலையாத ஓர் ஏற்பாடு இருந்திருக்கிறது.

நெனா கலுவை எடுத்துக்கொள்வோம். சமகாலக் கலைக்கு பிரிட்டனில் தரப்படும் மிகப் பிரபலமான பரிசு டர்னர் பரிசு. 25,000 பவுண்ட். 2025 டிசம்பரில் அது நெனாவுக்குக் கிடைத்தது. 1966இல் கிளாஸ்கோவில் பிறந்தவர், லண்டனில் வாழ்பவர். ஆட்டிசமும் அறிவுசார் குறைபாடும் உண்டு, பேச்சு மிகவும் குறைவு. அறிவுசார் குறைபாடு உள்ள ஒருவர் இந்தப் பரிசைப் பெறுவது அதுதான் முதல் முறை. துணி, கயிறு, பிளாஸ்டிக் தாள், பழைய வீடியோ கேசட்டின் நாடா இதெல்லாம்தான் அவருடைய பொருட்கள். சுற்றுவார், கட்டுவார், டேப் ஒட்டுவார், அதன்மேல் மறுபடி சுற்றுவார். ஆளுயரத்துக்கு உருண்டு திரண்ட வண்ண உருவங்கள் கூரையிலிருந்து தொங்கும். காகிதத்தில் வரைந்தாலும் கை வட்டமாகவே சுழலும். ஒரு நீர்ச்சுழி, பக்கத்துத் தாளில் அதன் ஜோடி என்று இரண்டிரண்டாக வரைவார்.

பரிசுச் செய்தியைப் படித்தவர்களுக்கு அவர் திடீரென்று முளைத்தவர் போலத் தெரியும். ஆனால் அறிவுசார் குறைபாடு உள்ள கலைஞர்களுக்காக லண்டனில் இயங்கும் ஆக்‌ஷன்ஸ்பேஸ் அமைப்போடு அவர் 1999 முதல் வேலை செய்துவருகிறார். பரிசு வரும்போது இருபத்தாறு ஆண்டுகள் ஓடியிருந்தன. அதில் பெரும்பகுதியில் கலையுலகம் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஸ்டுடியோ மட்டும் ஒவ்வொரு வாரமும் திறந்தது. சார்லட் ஹாலின்ஸ்ஹெட் என்பவர் இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக அவர்கூடவே இருந்திருக்கிறார். பரிசு மேடையில் நெனா சார்பில் பேசியவரும் அவர்தான்.

கூட இருப்பவரை அங்கே ஃபெசிலிடேட்டர் என்கிறார்கள். அவர் என்ன செய்வார், என்ன செய்ய மாட்டார் என்பதில்தான் சூட்சுமம். பொருட்களை வாங்கிக் கைக்கு எட்டும் இடத்தில் வைப்பார். தாளை அந்த ஆளின் உயரத்துக்குத் தக்கபடி சுவரில் ஒட்டுவார். விளக்கு கண்ணைக் கூசுகிறதா, பக்கத்து மேஜையின் சத்தம் தொந்தரவு செய்கிறதா என்று பார்ப்பார். கண்காட்சி நடத்துபவர்களிடம், "இவர் அங்கேயே வந்து செய்பவர், கூடுதலாகச் சில நாள் கொடுங்கள்" என்று முன்கூட்டியே பேசிவைப்பார். ஆனால் எந்த நிறம் என்று சொல்ல மாட்டார். "போதும், நன்றாக வந்துவிட்டது, நிறுத்திக்கொள்" என்று சொல்ல மாட்டார். முடிந்ததா இல்லையா என்பது படைத்தவரின் தீர்ப்பு. கை துறுதுறுக்கும்போது அதைக் கட்டி வைத்திருப்பதுதான் இந்த வேலையின் கடினமான பகுதி.

இப்படி ஒருவர் துணை நின்றால் அது சொந்தக் காலில் நிற்பதாகுமா என்று கேட்பவர்கள் உண்டு. கச்சேரி வித்வானை நினைத்துப் பாருங்கள். சபா செயலாளர் தேதி குறிக்கிறார், ஒருவர் டிக்கெட் போடுகிறார், ஒருவர் மைக்கைச் சரிசெய்கிறார், சிஷ்யர் ஃபிளாஸ்க்கில் வெந்நீரோடு பின்னால் உட்கார்ந்திருக்கிறார். வித்வான் சொந்தக் காலில் நிற்கவில்லை என்று யாரும் சொல்வதில்லை. கலைத்தொழில் என்று நாம் சொல்வது ஒரே வேலை கிடையாது. படைப்பது ஒன்று. அதைச் சட்டமிடுவது, போட்டோ எடுப்பது, விலை வைப்பது, மின்னஞ்சலுக்குப் பதில் போடுவது, வரிக்கணக்கு எழுதுவது, திறப்பு விழாவில் முன்பின் தெரியாதவர்களிடம் சிரித்துப் பேசுவது என்று இன்னும் பத்து இருக்கின்றன. முதல் வேலையில் கெட்டிக்காரரான ஒருவர் மற்ற பத்தில் ஏதோ மூன்றில் தடுமாறி வெளியேறிவிடுகிறார். அந்த மூன்று எவை என்று கண்டுபிடித்து அவற்றுக்கு மட்டும் ஆள் போடுவதுதான் ஏற்பாடு.

ஒரு நகரத்தின் மேல் ஹெலிகாப்டரில் சுற்றிவிட்டு வந்து, கட்டடம் கட்டடமாக நினைவிலிருந்தே வரைகிறாரே ஸ்டீபன் வில்ட்ஷர், அவர் வீடியோவைப் பார்த்திருப்பீர்கள். லண்டனில் அவருக்குச் சொந்த கேலரி இருக்கிறது, 2006இல் திறந்தது. வரைவது அவர். கேலரியையும் மற்ற விவகாரங்களையும் பார்த்துக்கொள்வது அவருடைய அக்கா அனெட். வீடியோவில் நினைவாற்றல் தெரிகிறது, அக்கா தெரிவதில்லை.

இந்த ஏற்பாட்டை ஒரு நிறுவனமாகவே கட்டிக் காட்டியவர்கள் அமெரிக்காவில் ஒரு தம்பதி. கலிபோர்னியாவின் பெரிய அரசு மனநல மருத்துவமனைகளிலிருந்து ஆட்களை வெளியே அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. வந்தவர்கள் பகலில் எங்கே போவார்கள், என்ன செய்வார்கள் என்பதற்குப் பெரும்பாலும் விடை இல்லை. ஓவிய ஆசிரியை ஃபுளோரன்ஸ் லுடின்ஸ்-காட்ஸும் அவர் கணவரான உளவியலாளர் எலியாஸ் காட்ஸும் தங்கள் வீட்டு கராஜில் மேஜை போட்டு வண்ணங்களை வைத்தார்கள். 1974இல் அது ஓக்லண்ட் நகரில் கிரியேட்டிவ் குரோத் என்ற அமைப்பாக ஆனது. பின்னாளில் பழைய கார் பழுதுபார்க்கும் கட்டடம் ஒன்றில் அதற்கு நிரந்தர இடம் கிடைத்தது. அங்கே வகுப்பு கிடையாது, பாடத்திட்டம் கிடையாது. காலையில் வந்து நாள் முழுக்க வேலை செய்யலாம். உதவிக்கு இருப்பவர்களும் ஓவியர்கள், சிற்பிகள். கட்டடத்திலேயே கேலரியும் உண்டு.

அங்கே 1987இல் ஜூடித் ஸ்காட் வந்து சேர்ந்தார். டவுன் சிண்ட்ரோம், காதும் கேட்காது. காது கேட்காது என்பதையே பல வருடங்கள் யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஏழு வயதில் ஓஹாயோ மாநிலத்தில் ஒரு காப்பகத்தில் விடப்பட்டவர், முப்பத்தைந்து ஆண்டுகள் அப்படியே கிடந்தார். கூடப் பிறந்த இரட்டையான ஜாய்ஸ் சட்டப்படி பாதுகாவலராகி அவரைத் தன்னிடம் அழைத்துவந்து, இந்த ஸ்டுடியோவில் சேர்த்தார். பென்சில் கொடுத்தார்கள், வண்ணம் கொடுத்தார்கள். ஜூடித் சும்மா கிறுக்கினார், எதிலும் ஒட்டவில்லை. இது ஒரு மாதம் இரண்டு மாதம் இல்லை, ஏறக்குறைய இரண்டு வருடம் நீடித்தது. நம்மூர் கோடை வகுப்பு ஒன்றில் இரண்டே வாரத்தில், "உங்க பொண்ணுக்கு இதுல ஆர்வம் இல்லீங்க" என்று சொல்லியிருப்பார்கள். பிறகு நூல், துணி வைத்து வேலை செய்யும் ஒரு கலைஞர் அங்கே வந்தார். ஜூடித் நூலைக் கையில் எடுத்தார். கைக்குக் கிடைத்த குச்சி, மின்விசிறி, நாற்காலி என்று எல்லாவற்றையும் நூலால் சுற்றிச் சுற்றி உள்ளே மறைத்தார். 2005இல் இறக்கும்வரை அந்த வேலை நிற்கவில்லை. ஸ்டுடியோவின் சாமான் காணாமல் போனாலும் அதை அவர் கையிலிருந்து பிடுங்காமல் விட்டார்கள். இன்று அவருடைய சிற்பங்கள் பெரிய அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. 2017இல் வெனிஸ் பினாலே என்ற சர்வதேசக் கலைக் கண்காட்சியில் அவருடையதும், அதே ஸ்டுடியோவில் எழுத்தின்மேல் எழுத்தாக எழுதிக்கொண்டே போகும் ஆட்டிசக் கலைஞர் டான் மில்லருடையதும் வைக்கப்பட்டன.

இனி பணம். கிரியேட்டிவ் குரோத்தில் ஒரு படைப்பு விற்றால் பாதி கலைஞருக்கு, பாதி ஸ்டுடியோவுக்கு. பொதுவாக கேலரிகளில் எந்தக் கலைஞருக்கும் கிடைக்கும் பங்கு ஏறக்குறைய அதுதான். அதாவது கருணை விலை இல்லை, சந்தை விலை. இந்த இடத்தில் நம் ஊர் பழக்கம் ஒன்றைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். சிறப்புப் பள்ளிகளின் ஸ்டாலில் தீபாவளிக்கு வாழ்த்து அட்டையும் அகல் விளக்கும் வாங்குகிறோம். நல்ல மனதோடுதான் வாங்குகிறோம். "பாவம்" என்று வாங்குபவர் ஒரு முறை வாங்குவார். படம் பிடித்து வாங்குபவர் அடுத்த படம் எப்போது வரும் என்று கேட்பார். தொழில் என்பது அந்த இரண்டாவது ஆளை நம்பித்தான் ஓடும்.

விற்பனை கூடினால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்ல முடியாது. அமெரிக்காவில் எஸ்எஸ்ஐ என்ற உதவித்தொகை வாங்கும் தனிநபரிடம் சேமிப்பு 2,000 டாலரைத் தாண்டக் கூடாது. 1989இலிருந்து அந்த வரம்பு அசையவே இல்லை. ஒரு பெரிய ஓவியம் விலைபோனால் மாத வருமானம் நின்றுவிடலாம் என்ற பயத்தில் நல்ல விற்பனையைக்கூடத் தள்ளிப்போட வேண்டிய நிலை. 2014இல் ஏபிள் கணக்கு என்று ஒரு வழி திறந்தார்கள். அதில் போடும் பணத்தில் முதல் 100,000 டாலர் அந்த வரம்பில் சேராது. உதவித்தொகை எதுவாக இருந்தாலும், எந்த ஊராக இருந்தாலும், முதல் படத்தை விற்பதற்கு முன் அதன் விதியை வரி வரியாகப் படிக்க வேண்டும் என்பது இதில் நமக்கான பாடம்.

ஏடிஹெச்டி, டிஸ்லெக்சியா உள்ளவர்களின் சிக்கல் வேறு மாதிரி. பேசுவார்கள், தனியாகப் பயணம் போவார்கள், வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. நல்கை விண்ணப்பத்தின் கடைசித் தேதியிலும், இருபது பக்க ஒப்பந்தத்திலும் சரிந்துபோவார்கள். பிரிட்டனில் அக்சஸ் ரைடர் என்று ஒரு பழக்கம் பரவியிருக்கிறது. கலைஞர் தன் தேவைகளை ஒரு பக்கத்தில் எழுதி, வேலை தொடங்கும் முன்பே அனுப்பிவிடுவார். "போனில் அழைக்காதீர்கள், செய்தியாக அனுப்புங்கள். கூட்டத்தில் கேட்கப்போவதை முந்தின நாளே எழுதிக் கொடுங்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை இடைவெளி வேண்டும். ஒரு வேலைக்கு ஒரு தேதிதான், நடுவில் மாற்றாதீர்கள்." அவ்வளவுதான். செலவே இல்லாத சங்கதிகள். உதவி ஆளுக்குச் சம்பளம் தேவைப்பட்டால் அக்சஸ் டு வர்க் என்ற அரசுத் திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம், சுயதொழில் செய்பவர்களும் கேட்கலாம். காத்திருப்புதான் நீளம்.

நாடகத்திலும் இது நடந்திருக்கிறது. ஆஸ்திரேலியாவின் ஜீலாங் நகரில் 1987இல் தொடங்கிய பேக் டு பேக் தியேட்டர், அறிவுசார் குறைபாடும் நியூரோடைவர்ஜென்ட் இயல்பும் உள்ள நடிகர்களின் நிரந்தரக் குழு. நாடகத்தை அவர்களே சேர்ந்து உருவாக்குகிறார்கள். 2024இல் வெனிஸ் நாடக பினாலேயின் வாழ்நாள் சாதனைத் தங்கச் சிங்கம் விருது அவர்களுக்குக் கிடைத்தது. தொடங்கி முப்பத்தேழு வருடம் கழித்து.

சரி, நம் வீட்டுக்கு வருவோம். இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகைகளை ஏற்கிறது. ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் அதில் உண்டு. சொத்து வைத்துக்கொள்ளவும் தன் பண விவகாரங்களைத் தானே நடத்தவும் மற்றவர்களுக்குச் சமமான உரிமை இருக்கிறது என்று அதே சட்டம் சொல்கிறது. பிள்ளைக்குப் பதினெட்டு முடிந்தால் பெற்றோர் தானாகவே பாதுகாவலர் ஆகிவிடுவதில்லை. தேவைப்பட்டால், 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்ட அளவிலான குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும். அப்படிப் பாதுகாவலர் ஆனாலும் படம் வரைந்தவருடையது. பதிப்புரிமையின் முதல் சொந்தக்காரர் படைத்தவர்தான், அவர் ஆயுளுக்குப் பிறகும் 60 ஆண்டுகள் அது அவருடைய வாரிசுகளிடம் இருக்கும். யாராவது காலண்டரில் போடக் கேட்டால், "எடுத்துக்கோங்க" என்று வாய்வார்த்தையில் கொடுத்துவிடாதீர்கள். எத்தனை பிரதி, எவ்வளவு காலம், என்ன தொகை என்று ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். அதைவிட முதலில், கொடுக்கலாமா என்று அவனிடம் கேளுங்கள். பேச மாட்டான் என்றால் படங்களை அவன் முன் பரப்பி வையுங்கள். சிலவற்றைத் தள்ளிக் கொடுப்பான், சிலவற்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வான். கக்கத்தில் போனது விற்பனைக்கு இல்லை.

தொடங்குவதற்குப் பெரிய இடம் வேண்டாம். வாரத்தில் குறித்த நாள், குறித்த நேரம், மாறாத ஒரு மேஜை போதும். ஒவ்வொரு படத்தின் பின்னாலும் தேதியும் அளவும் எழுதி, ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். பின்னால் கேலரி கேட்கும் முதல் கேள்வி அதுதான். அம்மாவோ அப்பாவோ இல்லாத, கலை தெரிந்த ஒருவரைக் கூலி கொடுத்து வாரம் ஒரு நாள் பக்கத்தில் உட்கார வையுங்கள். பெற்றோர் பக்கத்தில் இருந்தால் "சூரியன் மஞ்சள்டா" என்று சொல்லாமல் இருக்க முடியாது. முதல் சில வருடங்கள் வருமானத்தை எதிர்பார்க்காதீர்கள். எல்லோருக்கும் இது முழுநேரத் தொழிலாக அமையாது. பாதி நாள் வேறு வேலை, பாதி நாள் படம் என்பதும் நல்ல வாழ்க்கைதான்.

இந்தப் பேச்சு எங்கே சுற்றினாலும், "எங்களுக்கு அப்புறம்?" என்ற கேள்வியில்தான் வந்து நிற்கும். ஃபுளோரன்ஸும் எலியாஸும் இன்று இல்லை. அவர்கள் தொடங்கிய ஸ்டுடியோவுக்கு 2024இல் ஐம்பது வயது ஆனது. அந்தப் பொன்விழாவுக்கு சான் பிரான்சிஸ்கோ நவீனக் கலை அருங்காட்சியகம் கண்காட்சி நடத்தியது. அதை ஒட்டி அந்த ஸ்டுடியோவிலும் அதன் சகோதர அமைப்புகளிலும் உருவான 100க்கும் மேற்பட்ட படைப்புகளை விலைக்கு வாங்கித் தன் சேகரிப்பில் சேர்த்தது. வீட்டுக்குள் ஓர் அம்மா மட்டும் தாங்கிப் பிடிக்கும் ஏற்பாடு அம்மாவோடு போய்விடும். பத்துக் குடும்பங்கள் சேர்ந்து ஓர் அறையை வாடகைக்குப் பிடித்து, ஒரு கலைஞரைச் சம்பளத்துக்கு அமர்த்தி, வரவு செலவை எழுதிவைத்தால் அது நிற்க வாய்ப்பு உண்டு. பையனின் டிராயிங் நோட்டை யாருக்குக் காட்டலாம் என்று தேடுவதற்கு முன், அந்த மற்ற ஒன்பது குடும்பங்களைத் தேடுங்கள்.