உங்களுக்குத் தெரியுமா? பெல்ட் கழன்றால் என்ஜின் கொதிக்கும்!

● பல கார்களில் என்ஜினின் முன்புறம் ஓடும் ஒரே ரப்பர் பெல்ட்தான் ஆல்டர்னேட்டர், ஏசி கம்ப்ரஸர், வாட்டர் பம்ப் ஆகியவற்றைச் சுழற்றுகிறது. அது கழன்றதும் பேட்டரி விளக்கு எரியும். சில நிமிடங்களில் வெப்பமுள் ஏறும். உடனே ஓரங்கட்டி என்ஜினை நிறுத்துங்கள்.

● பெல்ட்டும் கழன்று கூலன்ட்டும் ஒழுகினால், முதலில் சந்தேகிக்க வேண்டியது வாட்டர் பம்ப். பேரிங் தேய்ந்தால் புல்லி ஆடும்; பெல்ட் தடம் மாறும். சீல் போனால் பம்ப்பிலுள்ள சிறு துளை வழியே கூலன்ட் கசிந்து கறை படியும். பம்ப்பை மாற்றாமல் புது பெல்ட் மட்டும் மாட்டினால் அதுவும் கழன்றுவிடும்.

● வண்டிக்கு அடியில் ஒழுகுவது கூலன்ட்டா, ஏசி நீரா என்பதை நிறமே சொல்லும். ஏசியிலிருந்து சொட்டும் நீருக்கு நிறமில்லை. கூலன்ட் பச்சை, சிவப்பு, நீலம் என நிறத்தோடு இருக்கும், விரலில் வழவழக்கும்.

● கூலன்ட் முழுவதும் வடிந்துவிட்டால் வெப்பமுள் கீழே இறங்கவும் கூடும். சென்சாரைத் தொடத் திரவமே இல்லாததுதான் காரணம். அதை நம்பி வண்டியை ஓட்டாதீர்கள்.

● சூடான ரேடியேட்டருக்குள் அழுத்தம் கூடியிருக்கும்; வளிமண்டலத்தைவிட 1 பார் கூடுதல் அழுத்தத்தில் தண்ணீரின் கொதிநிலை சுமார் 120 டிகிரி செல்சியஸ். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் அழுத்தம் சட்டென்று விடுபட்டு, கொதிநீர் முகத்தில் பீறிடும். என்ஜின் நன்றாக ஆறிய பிறகே மூடியைத் தொடுங்கள்.