சிலம்பு வழக்கும் போதைப்பொருள் வழக்கும்

ஆனி, ஆடித் திங்கள்களில் சாரல் தொடங்கிவிட்டால் தென்காசிச் சாலைகள் எல்லாம் குற்றாலத்தை நோக்கியே செல்கின்றன. பேரருவியிலும் ஐந்தருவியிலும் நீராட வரும் கூட்டத்தில் நம் மாணவர்களும் உளர். அத்தகைய பயணத்தில், நண்பன் கொடுத்த பையைச் சற்று நேரம் தோளில் சுமந்த மாணவன் ஒருவன் சோதனையில் அகப்படுகிறான் எனக் கொள்வோம். பையில் கஞ்சாப் பொட்டலம் இருக்கிறது. அவன் பெற்றோர் செய்ய வேண்டுவது யாது? இதனை எளிமையாக விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கோவலன் கண்ட நீதி

தமிழிலக்கியம் பயில்வோர்க்கு இவ்வழக்குப் புதியதன்று. சிலம்பு அவன் கையில் இருக்குமாயின் கொன்று கொணர்க என்பதே பாண்டியன் ஆணையின் பொருள். பொருள் கையில் இருந்தது, அதுவே தீர்ப்பாயிற்று. கோவலன் தரப்பில் பேச ஒருவரும் இலர். கண்ணகி வந்து, தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்று மெய்ப்பித்தபோது காலம் கடந்துவிட்டது. வழக்குரைப்பவர் உரிய நேரத்தில் வராமையே அக்காதையின் துயரம் எனலாம்.

சட்டம் கூறுவது

போதைப்பொருள்கள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம் 1985-இல் இயற்றப்பெற்றது. இதில் தண்டனை பெரும்பாலும் பொருளின் எடையைப் பொறுத்தது. கஞ்சாவில் 1 கிலோவுக்குக் குறைந்தது சிற்றளவு. ஓராண்டு வரை கடுங்காவல், அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதற்கு மேற்பட்டு வணிக அளவிற்குக் குறைந்ததாயின் 10 ஆண்டு வரை சிறையும் 1 இலட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. 20 கிலோவுக்கு மேற்பட்டது வணிக அளவு; குறைந்தது 10 ஆண்டு, கூடியது 20 ஆண்டு. வணிக அளவு வழக்கில் 37-ஆம் பிரிவின்படி பிணை பெறுதல் மிக அரிது.

ஏனைய வழக்குகளினின்று இது வேறுபடும் இடம் ஒன்றுண்டு. பொருள் ஒருவர் வசம் இருந்தது என்று அரசுத் தரப்பு மெய்ப்பித்துவிட்டால், அறிந்தே வைத்திருந்தார் எனச் சட்டம் அனுமானிக்கும்; அறியேன் என்பதை அவரே நிறுவுதல் வேண்டும். எனவேதான் இவ்வழக்கில் வழக்கறிஞர் துணை இன்றியமையாததாகிறது.

காக்கும் விதிகள்

அதே சட்டம் குற்றஞ்சாட்டப்பட்டவர்க்குச் சில காப்புகளையும் தந்துள்ளது. உடலைச் சோதிக்குமுன், நீதித்துறை நடுவர் அல்லது அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரி முன்னிலையில் சோதிக்குமாறு கேட்கும் உரிமை உண்டு என்பதைத் தெரிவித்தல் வேண்டும். இஃது உடற்சோதனைக்கே பொருந்தும், கைப்பைக்கு அன்று. கைப்பற்றிய பொருளின் மாதிரியை நடுவர் முன்னிலையில் எடுத்தல் வேண்டும் என்கிறது 52-ஏ பிரிவு. பரலைச் சோதித்த கண்ணகியின் நியாயம் இதுவே அன்றோ! மேலும், தூபான் சிங் எதிர் தமிழ்நாடு அரசு என்னும் வழக்கில் 2020-இல் உச்ச நீதிமன்றம், இச்சட்டத்தின்கீழ் விசாரிக்கும் அதிகாரியிடம் அளித்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் கொண்டு தண்டித்தல் ஆகாது என்று தீர்ப்பளித்தது.

வழக்கறிஞரைத் தேடுதல்

கைதானவரை, பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்திற்குள் நடுவர் முன் நிறுத்துதல் வேண்டும். தாம் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்துகொள்ள அவருக்கு அரசியலமைப்பே உரிமை தருகிறது. ஆகவே முதல் நாளே வழக்கறிஞரை நாடுக. போதைப்பொருள் வழக்குகளைச் சிறப்பு நீதிமன்றங்களில் நடத்திப் பழகியவரா என்று வினவுக. முதல் தகவல் அறிக்கையின் படியைப் பெற்று அவரிடம் தருக. கட்டணத்தை முன்னரே பேசிப் பற்றுச்சீட்டுப் பெறுக. "நாளையே வெளியே கொண்டுவந்துவிடுவேன்" என்று உறுதி கூறுபவரையும் இடைத்தரகரையும் நம்பற்க. நடந்தது எதுவாயினும் வழக்கறிஞரிடம் மறையாது உரைக்க.

பொருள் வசதி இல்லையே என்று கலங்க வேண்டா. 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி, காவலில் இருப்பவர் எவரும் இலவச வழக்கறிஞரைப் பெற உரியவர். நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப்பணிகள் குழுவை அணுகலாம். 15100 என்ற எண்ணிலும் பேசலாம். பிள்ளை 18 வயது நிரம்பாதவனாயின் வழக்கு இளைஞர் நீதிக் குழுமத்திற்குச் செல்லும்; வயதுச் சான்றை உடனே கொடுக்க.

பெரியோர்க்கு ஒரு விண்ணப்பம்

போதை ஹராம் என்பதில் நமக்குள் இரு கருத்து இல்லை. ஆயினும், குடும்ப மானம் போயிற்றென்று பிள்ளையைக் கைவிடுதலும், செய்தியை மறைக்கத் தரகரிடம் பணம் இழத்தலும் தீர்வாகா. இரு தரப்பையும் கேளாது தீர்ப்புரைக்கலாகாது என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அலீ (ரலி) அவர்களுக்குக் காட்டிய நெறி. பிள்ளை தவறியிருந்தால் சட்டப்படி விடையிறுக்கட்டும். போதைக்கு அடிமையாகியிருந்தால் மருத்துவம் பெறட்டும். தவறாதவனாயின், அவன் சொல்லை எடுத்துரைக்க ஒருவர் வேண்டும். அவரை உரிய நேரத்தில் அமர்த்துதல் பெற்றோர் கடமை, ஜமாஅத்தின் கடமையுமாகும். மதுரையில் ஒருமுறை காலம் கடந்தது; நம் இல்லங்களில் அது நிகழாதிருக்க வல்ல இறைவன் அருள்புரிவானாக.