களியக்காவிளைக்கு இருபுறமும்: விளையாட்டு அறிவியல் ஆய்வு மாணவரின் உரிமைகள்

பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லையோரக் கிராமங்களில் தமிழ் பேசும் பட்டதாரி ஒருவர் விளையாட்டு அறிவியலில் முனைவர் பட்டம் செய்ய நினைத்தால் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று காரியவட்டம்: அங்கே கேரளப் பல்கலைக்கழக வளாகமும், 1985-இல் தொடங்கிய லட்சுமிபாய் தேசிய உடற்கல்விக் கல்லூரியும் இருக்கின்றன. மற்றொன்று களியக்காவிளை தாண்டித் தமிழகம்: திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் அல்லது சென்னை மேலக்கோட்டையூரில் உள்ள விளையாட்டுப் பல்கலைக்கழகம். 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு தமிழகத்தோடு சேர்ந்தது; நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அந்தக் கோடு இன்றும் சாதிச் சான்றிதழையும் மாநில உதவித்தொகையையும் பிரிக்கிறது. ஆய்வு மாணவரின் அடிப்படை உரிமைகளை அது பிரிப்பதில்லை; அவை மத்திய விதிகளில் இருக்கின்றன.

எல்லையில் நின்றுவிடுபவற்றை முதலில் அறிந்துகொள்வது நல்லது. ஒரு மாநிலத்தின் பட்டியல் சாதியினர் வேறு மாநிலத்தில் அந்தச் சலுகையை மாநில ஒதுக்கீட்டில் கோர முடியாது என்பது 1990 முதல் உச்ச நீதிமன்றத்தின் நிலைப்பாடு. சேர்க்கைக்குப் பிறகு இது தெரியவந்தால் கட்டணச் சுமை முழுதும் குடும்பத்தின் மேல் விழும். நெட் தேர்வில் கிடைக்கும் ஜே.ஆர்.எஃப். ஆய்வு உதவித்தொகை அப்படியல்ல. உடற்கல்விப் பாடத்தில் அதைப் பெறுபவர் எந்தப் பக்கம் சேர்ந்தாலும் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் ரூ.37,000, பிறகு ரூ.42,000. பணம் வர, பல்கலைக்கழக அலுவலகம் மாதந்தோறும் இணையத்தில் உறுதிசெய்ய வேண்டும். இந்த ஒரு வேலை தங்கிப்போவதாலேயே பலருக்கு மாதக்கணக்கில் தொகை வராமல் கிடக்கிறது. விண்ணப்ப நகலையும் தேதியையும் கையில் வைத்திருப்பவருக்கே அலுவலகத்தில் பேச வழியுண்டு.

யு.ஜி.சி.யின் 2022 முனைவர் பட்ட விதிகள் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6 ஆண்டு என்று காலம் வகுக்கின்றன. மறுபதிவில் மேலும் 2 ஆண்டு, பெண்களுக்கும் 40 விழுக்காட்டுக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் கூடுதலாக 2 ஆண்டு கிடைக்கும். பெண்களுக்கு மகப்பேறு, குழந்தைப் பராமரிப்புக்கு 240 நாள் வரை விடுப்பு உண்டு. ஒரு பேராசிரியர் 8 பேர், இணைப் பேராசிரியர் 6 பேர், உதவிப் பேராசிரியர் 4 பேர் வரை வழிகாட்டலாம். ஓய்வுக்கு 3 ஆண்டுக்குக் குறைவாக உள்ளவர் புதிய மாணவரைச் சேர்க்க முடியாது. கைடைத் தேர்வு செய்யும் முன் இதை விசாரிப்பது அவசியம். ஒவ்வொரு செமஸ்டரும் ஆய்வு ஆலோசனைக் குழு முன் முன்னேற்றத்தை வைக்க வேண்டும். குறை இருந்தால் குழு காரணத்தை எழுதி, திருத்த வழியும் சொல்ல வேண்டும். போட்டி நடத்தவும் ஸ்கோர் எழுதவும் மட்டுமே பயன்படுத்தப்படும் மாணவருக்கு இந்தக் குழுவின் குறிப்பேடு பெரிய பாதுகாப்பு. தன் ஆய்வு நாட்கள் எங்கே போயின என்பதை அங்கே பதிவு செய்யலாம்.

இத்துறையில் கூடுதல் ஆபத்து ஆய்வுக்கூடத்திலும் மைதானத்திலும் இருக்கிறது. முகமூடி மாட்டி டிரெட்மில்லில் ஓடவிடும் ஆக்சிஜன் சோதனை, இனி முடியாது என்ற நிலை வரை போகும். விரல் நுனியில் குத்தி லாக்டேட் பார்ப்பார்கள். ஆய்வேட்டில் ‘சப்ஜெக்ட்’ என்று வருபவர்கள் பெரும்பாலும் ஊர்ப் பள்ளியின் கபடி, கால்பந்துப் பிள்ளைகள். ஐ.சி.எம்.ஆரின் 2017 நெறிமுறைப்படி, தரவு எடுக்கும் முன்பே நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். 18 வயதுக்குக் கீழ் இருந்தால் பெற்றோரின் சம்மதத்தோடு பிள்ளையின் இசைவும் வேண்டும். 12 வயதைக் கடந்தவரிடம் அதை எழுத்தில் பெற வேண்டும். படிவம் அவர்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். தமிழ் மட்டுமே வாசிக்கத் தெரிந்த பெற்றோரிடம் மலையாளப் படிவத்தில் வாங்கும் கையெழுத்து சம்மதம் ஆகாது. பி.டி. மாஸ்டர் சொன்னதால் வரிசையில் நிற்கும் பிள்ளைக்கும் ‘மாட்டேன்’ என்று சொல்ல இடம் வேண்டும். ஆய்வால் காயம் ஏற்பட்டால் இலவசச் சிகிச்சையும் இழப்பீடும் தர வேண்டும். சக மாணவரின் சோதனைக்கு ஆள் குறைந்து இழுக்கப்படும் ஆய்வு மாணவருக்கும் இதே உரிமைகள் உண்டு.

ஏப்ரல் வெயிலில் பீப் டெஸ்ட் ஓடும்போது ஒருவர் தடுமாறி, பேச்சுக் குழறினால் அது வெப்பத்தாக்கமாக இருக்கலாம். 108-ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும் வரை காத்திராமல் உடனே குளிர்ந்த நீரால் உடலைக் குளிர்விக்க வேண்டும். சப்ளிமென்ட் ஆய்வுகளில் ஆபத்து வேறு மாதிரி. பொடியில் தடைசெய்யப்பட்ட பொருள் கலந்திருந்தால், யார் கொடுத்தார் என்று பாராமல் வீரரே ஊக்கமருந்து விதிகளின்படி பொறுப்பாவார்; கொடுத்தவர் மீதும் நடவடிக்கை பாயலாம்.

பாலியல் தொல்லைக்கு 2013 சட்டமும் யு.ஜி.சி.யின் 2015 விதிகளும் வழி தருகின்றன. உள்ளகக் குழுவிடம் 3 மாதத்துக்குள் புகார் தர வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் மேலும் 3 மாதம் நீட்டிக்கலாம். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். புகாருக்குள்ளானவர் கைடாக இருந்தால், விசாரணைக் காலத்தில் அவர் புகார் தந்தவரின் ஆய்வை மதிப்பிடாதபடி தடுக்கக் குழு பரிந்துரைக்கலாம். பட்டம் போய்விடுமோ என்று அஞ்சி வாயை மூடிக்கொள்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விதி இதுதான்.

மற்றக் குறைகளுக்கு யு.ஜி.சி.யின் 2023 விதிகளின்படி மாணவர் குறைதீர்க் குழுவை அணுகலாம். அசல் சான்றிதழைத் தராமல் பிடித்துவைப்பதும் இதில் அடங்கும். குழு 15 வேலைநாளில் அறிக்கை தர வேண்டும். முடிவு ஏற்புடையதாக இல்லையென்றால் 15 நாளுக்குள் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையிடலாம். அவர் 30 நாளில் தீர்க்க முயல வேண்டும். அலுவலகக் கோப்பின் நிலை அறிய, ரூ.10 கட்டணத்தில் தகவல் உரிமை மனு போதும். அரசு அதிகாரிகளிடம் முறையீட்டைத் தமிழிலேயே எழுதலாம். அரசியல் சாசனத்தின் 350-ஆவது பிரிவு அந்த உரிமையைத் தருகிறது. நீதிமன்றம் போக நேர்ந்தால் பொதுவாகக் காரியவட்ட மாணவருக்கு எர்ணாகுளத்தில் உள்ள கேரள உயர் நீதிமன்றம், திருநெல்வேலி மாணவருக்குச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பாராமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். அதற்கு 15100 என்ற எண்ணில் அழைக்கலாம்.